முதல் வெட்டு

கண்ணாடி அலமாரிக்குள் தொங்கிய நீலக் கோட்டைப் பார்க்கப் பார்க்கத் தையற்காரரின் மனைவிக்கு வயிறு எரிந்தது. கோட்டு அவளுக்குத்தான். ஆனால் இரண்டாவதாக வெட்டியது.

குளிர்காலம் தொடங்கினால் இதே கதைதான். புது மாதிரியில் கோட்டு வெட்டினால், முதல் வெட்டு அவருடைய தங்கைக்குப் போகும். அடுத்தது மனைவிக்கு. அதுவும் நேராகக் கைக்கு வராது. கடையில் தொங்கி, ஊரே தொட்டுப் பார்த்து ஆர்டர் கொடுத்த பிறகுதான் வீடு வந்து சேரும்.

தாயில்லாத வீட்டில் தங்கையின் கிழிந்த கவுனைத் தைக்க உட்கார்ந்து, தானாகவே தொழில் பழகியவர் அவர். பாப்பா போட்டுப் பார்த்தால்தான் கை ஓடும் என்பார். அந்தப் பாப்பா கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடித்தனம் நடத்துகிறாள். இன்னும் பாப்பாதான்.

அண்ணன் தங்கை பாசப் படம் பார்க்கத் தியேட்டருக்குப் போவானேன், இந்தத் தையல் கடைக்கு வந்தால் போதாதா என்று தெருவில் கேலி பேசுவார்கள். அப்படியானால் டிக்கெட் கிழிப்பதுதான் தன் வேலையா என்று மனைவி திருப்பிக் கேட்பாள். சிரித்துக்கொண்டுதான் கேட்பாள், சிரிப்பு உதட்டோடு சரி.

இந்தத் தடவை அவளால் பொறுக்க முடியவில்லை. புதுக் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது தங்கை சொல்லிவிட்டுப் போனதுதான் காரணம். "எனக்கு ரொம்ப நல்லாருக்குண்ணா. அண்ணிக்கு வெட்டும்போது மட்டும் கைக்குழியை ஒரு விரல் இறக்கிடு."

வருஷா வருஷம் இப்படி ஏதாவது ஒன்று. அண்ணிக்குக் கழுத்தைக் குறை, அண்ணிக்குத் தோளைக் கூட்டு. இருவருக்கும் ஒரே உடல்வாகு, ஒருத்திக்கு அளவெடுத்தால் போதும் என்று அவரே சொல்வார். அப்புறம் எதற்கு இவளுக்கு இந்த நாட்டாமை?

"இனிமே முதல் வெட்டு எனக்குத்தான். இல்லேன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்," என்றாள்.

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, பாப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியாயிற்று. இன்னும் கொஞ்சம் கடிந்து பேசியிருப்பாள். ஆனால் மனிதர் தொட்டாற்சுருங்கி. யாரோ ஒரு வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே குறை சொன்னதற்குக் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தவர். பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அம்மா வீட்டுக்குப் போகிற வழியில்தான் தங்கையின் வீடு. இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கதவைத் தட்டினாள்.

திறந்த தங்கை புதுக் கோட்டில்தான் இருந்தாள். மேலே வழக்கம்போலச் சால்வை. வீட்டுக்குள் கணப்பு எரிந்தாலும் அவள் சால்வையை எடுக்கமாட்டாள். கோட்டை வெளியே காட்டினால் கண் பட்டுவிடும் என்ற பயம்தான், வேறென்ன என்று அண்ணிக்கு இன்னும் எரிந்தது.

அவள் உட்காரவில்லை. கோட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றாள். கடையில் தொங்குவதை நீ எடுத்துக்கொள், இதைக் கழற்றிக் கொடு. கேட்டதையெல்லாம் மறுக்காமல் எடுத்துக் கொடுக்கிற தங்கை, முதல் தடவையாக முடியாது என்று தலையாட்டினாள்.

"அப்போ உங்க அண்ணன் இனிமே இந்த வாசப்படி மிதிக்கமாட்டார். நானா நீயான்னு இன்னிக்கே அவரைக் கேட்டுடறேன்."

தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. சால்வையை எடுத்து நாற்காலியில் போட்டாள். கோட்டைக் கழற்றி நீட்டினாள்.

ஜெயித்துவிட்ட மிதப்பில் அண்ணி அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். பொத்தானைப் போட்டதும் கழுத்து பின்பக்கம் தூக்கிக்கொண்டது. தலைமுடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள். நெஞ்சுக்கு மேல் போகவில்லை. கைக்குழி ஏறி அக்குளைப் பிடித்தது, சரியாக ஒரு விரல்.

ஒன்றும் புரியாமல் திரும்பினாள். தங்கை அலமாரியைத் திறந்துவிட்டாள். பழைய கோட்டுகள் தொங்கின. ஒன்றில் தோள் குறுகித் தையல் விட்டிருந்தது. இன்னொன்றில் கழுத்தைப் பிரித்து உள்பக்கம் ஒட்டுப் போட்டிருந்தது. கோணல் மாணலான அந்தத் தையல் அவருடைய கைத் தையல் இல்லை.

"புது மாதிரி எதுவுமே அண்ணனுக்கு முதல் தடவை சரியா வராது அண்ணி. நேரா சொன்னா அன்னிக்கே கத்தரியைக் கீழே வெச்சிடுவாரு. அதான் உங்க பேரைச் சொல்லித் திருத்திக்க வைக்கிறேன்."

அவருக்கு இது தெரியுமா என்று அண்ணி கேட்டாள்.

"தெரியாது. தெரியவும் வேண்டாம்."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மனைவி பெட்டியோடு போகிறாள் என்று யாரோ சொல்ல, கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார் தையற்காரர். கழுத்தில் அளவு நாடா இன்னும் தொங்கியது.

அவர் உள்ளே நுழைவதற்குள் அண்ணி சால்வையை எட்டி எடுத்தாள். தோளில் போட்டுக்கொள்ளக் கை எழவில்லை. தங்கைதான் அவசரமாகப் போர்த்திவிட்டாள்.

தங்கையின் கோட்டு மனைவியின் மேல் இருப்பதைப் பார்த்து அவர் திருதிருவென்று விழித்தார். பாப்பாவிடமிருந்து பிடுங்கிக்கொண்டாயா என்று கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. எப்படி இருக்கிறது என்று மட்டும் மெல்லக் கேட்டார்.

"அளவெடுத்த மாதிரி இருக்குங்க," என்றாள் அவள், கையை அசைக்காமல். "ஆனா நான் சொன்னது சொன்னதுதான். இனிமே முதல் வெட்டு எனக்குத்தான்."