பூட்டியிருப்பேன்

பேத்தியைப் பார்க்கக் கிளம்பிய ரயில் நகர்ந்ததும் மனைவி கேட்டாள். "ஏங்க, வீட்டைப் பூட்டினீங்களா?"

"பூட்டியிருப்பேன்" என்று கணவர் கடலையை உரித்தார்.

"இழுத்துப் பார்த்தீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு? காத்து ஜம்முனு வருது பாரு."

எதிர் இருக்கைக்காரர் தம் வீடே கொள்ளை போனதுபோல் பதறினார். "இப்படியா சார் அசட்டையா இருப்பீங்க? பாவம், அம்மாவுக்குக் கண்ணே கலங்கிடுச்சு!"

கலங்கியதா? குடம் குடமாய்க் கொட்டியது. அவள் கைப்பேசியோடு பெட்டியின் வாசல் பக்கம் ஓடினாள். அக்கம்பக்கத்தாரைப் பூட்டைப் பார்க்கச் சொல்லப்போகிறாள் என்று எதிர் இருக்கைக்காரர் நினைத்துக்கொண்டார்.

"டாக்டரம்மா! ரயில் கிளம்பிடுச்சு, அவரும் உள்ளேதான் இருக்கார்! தெருமுனையிலேர்ந்து திரும்பத் திரும்ப ஓடிப்போய், ஆட்டி ஆட்டியே மூணு பூட்டைக் கொன்ன மனுஷன், 'பூட்டியிருப்பேன்'னு கடலை கொறிக்கிறார்மா! எத்தனை ரயிலை விட்டோம்! பேத்தி நடக்கவே ஆரம்பிச்சுட்டா, இன்னைக்குத்தான் முகத்தைப் பார்க்கப்போறோம். வாராவாரம் உங்க மனநல கிளினிக்குக்கு வந்தது வீண்போகலை. நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்!"

மறுமுனையில் டாக்டர் கைதட்டினார். "ரொம்ப சந்தோஷம்மா. ஆமா, நிஜமாவே பூட்டினாரா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "பூட்டினார்மா. சாவியைத்தான் பூட்டிலேயே தொங்கவிட்டுட்டார். எதிர்வீட்டுத் தங்கச்சிக்கு ஜாடை காட்டிட்டு, மூச்சுகூட விடாம வந்துட்டேன்!"