துடைப்புத் துணியின் அக்கறை

சர்வீஸ் முடிந்து வந்த பைக்கின் எஞ்சினுக்கு மூச்சு வாங்கியது. பதினோரு வருடமாக மூன்றாம் கியரில் ஏறிய தண்ணீர்த்தொட்டி மேட்டில், இப்போது முதல் கியரிலேயே திணறியது. மெக்கானிக் மறந்துவிட்ட துடைப்புத் துணி, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் காற்று வரும் வழியை அடைத்துக்கொண்டு சுகமாகப் படுத்திருந்தது.

“உங்களுக்கு வயசாயிடுச்சுண்ணே, ஒத்துக்குங்க,” என்றது துணி.

“மூணு நாளாத் திணறுறேன்னு நாளைக்கு மெக்கானிக் கடையில என்னை அக்கக்காப் பிரிக்கப்போறாங்கப்பா. கொஞ்சம் நகரேன், காத்து வரட்டும்,” என்றது எஞ்சின்.

“இந்த நிலைமையில உங்களைத் தனியா விட எனக்கு மனசு வரலண்ணே.”

மறுநாள் எஞ்சினைப் பிரிக்கும் முன், மெக்கானிக் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். துணியை உருவி எறிந்தார். ஒரே உதையில் உறுமிய எஞ்சின், மூன்றாம் கியரிலேயே மேடேறிப் போயிற்று.

மேசைக்கடியில் கிடந்த துணி, பக்கத்திலிருந்த ஸ்பேனரிடம் சொன்னது:

“நாலு நாள் கூடவே இருந்து பாத்துக்கிட்டேன். அதான் பொழைச்சாரு.”