கல்லுக்கு அடியில் தேடியது

கடைசிக் கல்லையும் புரட்டிப் பார்த்துவிட்டாள் லீலா. ஒரு முட்டைகூட இல்லை.

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் குன்றடியில் ஓடும் இந்தச் சின்ன ஓடையில் மீன் முட்டையிடுகிறதா என்று இரண்டு வருடமாக, மாதம் தவறாமல் பார்த்து எழுதுகிறவள் அவள்தான். சம்பளமில்லாத வேலை. இன்றைக்கும் இல்லையென்றால், மீன் பெருகாத ஓடைதானே என்று அதற்குக் கான்கிரீட் மூடி போட்டுவிடுவார்கள்.

மீன் என்னவோ ஜம்மென்று துள்ளித் திரிகிறது. முட்டையை மட்டும் எந்த லோகத்தில் போய் இடுகிறதோ!

எல்லாம் கையேட்டில் சொன்னபடிதான் செய்தாள். குளிர்நாட்டு டிரவுட் மீனுக்காக எழுதிய கையேடு. ஓடையைக் கண்காணிக்கும் அவர்களது தன்னார்வக் குழுவுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். கரையைச் சுத்தம் செய், கற்களுக்கு அடியில் பார் என்றது அது. இன்று காலையும் தண்ணீரில் நனையும் கரையோரப் புல்லை வேரோடு பிடுங்கி, ஒரு சாக்கில் கட்டி வைத்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்கினாள்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, வளைவில் ஏதோ மிதந்து வந்து சிக்கியிருப்பது தெரிந்தது. வெளிறிய தண்டுகள், கொத்தாக வெள்ளை வேர்கள். நடுவில் ஒரு பச்சை ரிப்பன்.

அடப்பாவி மனுஷா!

நவராத்திரிக்கு அவள் வீட்டில் வளர்த்த முளைப்பாரி. சாயாமல் இருக்க மகள் தாரணியின் பள்ளி ரிப்பனால் கட்டியதும் அவளேதான். தண்ணீரில் விட்டு வரச் சொல்லிக் கணவர் வெங்கடேஷிடம் கொடுத்திருந்தாள்.

"கடலுக்கே போய் விட்டுட்டு வந்துட்டேன் லா," என்று முந்தாநாள் அளந்தார். பரவாயில்லையே என்று அவளும் முறுகலாக இன்னொரு தோசை வார்த்துப் போட்டாள். வீட்டுக்குப் போனதும் இருக்கிறது அவருக்கு.

கோபத்தோடு அதைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வேருக்கு வேர், கடுகைவிடச் சிறிய மணிகள் ஒட்டியிருந்தன. லென்ஸை வைத்தாள். ஒவ்வொன்றுக்குள்ளும் கறுப்பாக இரண்டு புள்ளிகள்.

கண்கள்!

அவள் போட்ட சத்தத்தில் குழுத்தலைவர் ஸைஃப் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு ஓடி வந்தார். மாற்றி மாற்றிப் படம் எடுத்தார்.

"ஓடை தப்பிச்சிருச்சுக்கா! ஆனா ரெண்டு வருஷமா ஏன்க்கா ஒண்ணுகூடக் கிடைக்கல?"

லீலாவுக்கும் அதுதான் புரியவில்லை. அப்படியானால் இந்த மீனுக்குக் கல் வேண்டாமா? வேர்தான் வேண்டுமா?

கரையைப் பார்த்தாள். மழுங்கச் சிரைத்த தலை மாதிரி கிடந்தது.

மளமளவென்று மேலேறிச் சாக்கின் கட்டை அவிழ்த்தாள். முடிச்சு சட்டென்று வரவில்லை. ஒரு பிடி புல்லை எடுத்து, வேரை விரித்து, லென்ஸை வைத்தாள்.

வேருக்கு வேர் அதே மணிகள் இருந்தன. சில இன்னும் ஈரமாக இருந்தன.

சாக்கை அப்படியே வாரி அணைத்துக்கொண்டு தண்ணீருக்கு ஓடினாள்.