கரடிக்கு நடக்க வரவில்லை

"நான் விலகிக்கறேன் க்ளேட்டன். கரடிக்கு வேற ஆளைப் பாரு."

டயர் கடையின் பின்பக்கம் நின்று சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டிருந்த க்ளேட்டனுக்குப் புரையேறியது. போனில் மாரிஸா. அவன் கனடாவில், சாஸ்கடூனில். அவள் அமெரிக்காவில், துல்சாவில். மூன்று வருடமாகச் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்கிறார்கள், நேரில் பார்த்துக்கொண்டதில்லை. ஒரு கரடி தெருத்தெருவாகப் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிற விளையாட்டு. புரோகிராம் அவன் எழுதுவது, படம் அவள் வரைவது. குழுவில் யாருக்கும் ஒரு சென்ட்கூடக் கிடையாது.

"விளையாடறியா? கேம் விழாவுக்கு இன்னும் மூணே வாரம். கரடிக்கு நடக்கவே வரல. சும்மா வழுக்கிக்கிட்டே போகுது!"

"பனியில வழுக்கத்தானே செய்யும்? அப்படியே விட்டுடு."

"மாரிஸா!"

"பின்ன என்னப்பா? பகல் பூரா பல் டாக்டர் கிளினிக்ல போன் எடுக்கறேன். வீட்டுக்கு வந்தா கரடி. ஞாயித்துக்கிழமையும் கரடி. சம்பளமே இல்லாத வேலைக்கு லீவாவது உண்டான்னு எங்க அண்ணி கேக்கறா. ஒரு ஆள் வேலைன்னா சமாளிச்சுடுவேன். முடியல, விட்டுடு."

பரீட்சை முடிந்ததும் வருகிறேன் என்று போன ஒருத்தன், குழந்தை பிறந்ததும் காணாமல் போன ஒருத்தி என்று ஏற்கெனவே பாதிப் பேர் கழன்றுகொண்டாயிற்று. இவளும் போனால் கரடி அதோகதிதான்.

"சரி, போ. ஆனா லியோனார்டுக்கு யார் பதில் சொல்றது? மனுஷன் கரடி நடக்கறதுக்குன்னே ஒரு மியூசிக் போட்டு வெச்சுட்டு உக்காந்திருக்கார்."

"அவர் ஒரு நாளாவது வாயைத் திறந்து பேசியிருக்காரா? எப்பப் பாரு குரூப்புல எழுதறதோட சரி."

"கூச்ச சுபாவம். பெர்னிஸும் அப்படித்தான். ஆனா வசனம் எப்படி எழுதறாங்க!"

"நல்லாத்தான் எழுதறாங்க" என்றாள் மாரிஸா. குரல் சற்று இறங்கியிருந்தது.

க்ளேட்டன் விடவில்லை. "நம்ம ஹாங்க்? முட்டி வலியோட திரும்பத் திரும்ப விளையாடிப் பார்த்து எங்கெங்க தப்புன்னு சொல்றார். டோரீன் வெப்சைட்டைத் தனியாளா பார்த்துக்கறாங்க. இவங்கல்லாம் காசுக்கா செய்யறாங்க? நீ போனா அத்தனை பேரும் போயிடுவாங்க. அவங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"யார் மூஞ்சியையும் நீ பார்த்ததே இல்லையே."

"வாயாடி! இருப்பியா, மாட்டியா?"

மறுமுனையில் பெருமூச்சு. "இருந்து தொலைக்கறேன். லியோனார்டுக்காகவும் பெர்னிஸுக்காகவும். உனக்காகன்னு நினைச்சுக்காத!"

போனை வைத்ததும்தான் அவனுக்கு உயிர் வந்தது. கடைக்குள்ளிருந்து முதலாளி கத்தினார். "ரெண்டே நிமிஷம்!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு, க்ளேட்டன் அவசரமாக லியோனார்டின் பெயரில் குழுவுக்குள் நுழைந்து, 'தேங்க்ஸ் மாரிஸா! நீ இல்லாம என் மியூசிக் எதுக்கு?' என்று எழுதினான். வெளியே வந்து, பெர்னிஸாக நுழைந்து ஒரு இதயம் போட்டான். ஆள் குறைவது தெரிந்தால் மாரிஸாவும் ஓடிவிடுவாளே என்ற பயத்தில், இந்த இரண்டு பேராகவும் அவனேதான் நடித்துக்கொண்டிருக்கிறான்.

அதற்குள் ஹாங்க் எழுதியிருந்தார்: 'சபாஷ்ம்மா! இந்தக் கிழவனும் கடைசி வரைக்கும் கூட இருப்பான்.'

க்ளேட்டனுக்குக் கண் கலங்கியது. இப்படிப்பட்ட மனிதரையும் சேர்த்து ஏமாற்றுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

துல்சாவில், ஹாங்க்கின் கணக்கிலிருந்து வெளியே வந்த மாரிஸா, டோரீனாக உள்ளே நுழைந்தாள்.