எனக்கு வந்த தொண்டை நோவு

எனக்குத் தொண்டை நோவு என்றதும், ஆரையம்பதியிலிருந்து பஸ் ஏற்றி என்னை டொக்டரிடம் இழுத்து வந்துவிட்டாள் என் மனைவி மங்களேஸ்வரி.

"பீடி குடிப்பீங்களா?" என்றார் டொக்டர்.

"ஒரு நாளைக்கு ஒரு கட்டு. சாராயமும் இரிக்கி," என்றாள் மங்களேஸ்வரி. என் புகழை என்னைவிட அவள் நன்றாகப் பாடுவாள்.

"உணவுக்குழாயில புத்துநோய் வர ஆம்புளையளுக்கு இந்த ரெண்டும் போதும். சோறு இறங்குதா?"

"எங்க இறங்கிற? நெஞ்சுக்க நிண்டிடும். தண்ணி குடிச்சாத்தான் போகும். ரெண்டு மாசமாக் கஞ்சிதான்," என்றாள், வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

டொக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க ஏன் பேசாம இரிக்கீங்க?"

"தொண்டை நோகுதெண்டு மட்டும்தான் இவவிட்டச் சொன்னனான், டொக்டர். அதுவும் பொய். சோறு நெஞ்சுக்க நிக்கிறது இவவுக்குத்தான். பீடி குடிக்காத பொம்புளைக்கு என்ன வரப்போகுதெண்டு வரமாட்டனெண்டுட்டா."

மங்களேஸ்வரியின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

டொக்டர் கதிரையை அவள் பக்கம் திருப்பினார்.

"பொம்புளையளுக்கு அந்த நோய் வர வேற வழி இரிக்கி, அம்மா. சோதிச்சுப் பாப்பம். வெத்திலை எப்பிடி?"

அவள் குனிந்துகொண்டாள். இந்த முறை நான் முந்திக்கொண்டேன்.

"ஒரு நாளைக்குப் பத்துத்தரம், டொக்டர். புகையிலையும் இரிக்கி."