ஒரு 'டா'வுக்கு ஏங்கியவன்

"காபி ஆறிடப்போகுது, எடுத்துக்குங்க."

அவன் காபியைத் தொடவில்லை. காதலித்த நாள் முதல் 'வாடா, போடா' என்று மட்டுமே பேசிய மனைவி, காலையிலிருந்து 'நீங்க, வாங்க' என்கிறாள். பழகியவர்களுக்குத் திடீரென்று மரியாதை முளைத்தால் அது வில்லங்கம்தான். ஒரு 'டா' விழாதா என்று காது ஏங்கியது. உட்கார்ந்தான், எழுந்தான், சட்டையை மாட்டினான்.

மகளுக்குத் தலை வாரிக்கொண்டே அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க."

அதற்குமேல் தாங்கவில்லை. "சரி, உனக்குத் தெரிஞ்சுபோச்சு! வீட்ல பெயிண்ட் அடிக்கறாங்கன்னு பொய் சொல்லி, உங்கம்மாவை வர வேணாம்னு சொன்னது நான்தான். மன்னிச்சிடு!"

சீப்பு அப்படியே நின்றது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"பாப்பா நேத்து வேன் டிரைவரைப் பார்த்து 'போடா'ன்னாளாம். நம்மகிட்டதானே கத்துக்கறா, அவ காதுபட மரியாதையா பேசுவோம்னு நினைச்சேன்."

"அப்போ... அம்மா விஷயம்?"

"இப்போ நீங்க சொல்லித்தான் தெரியும்."

வாசலில் ஹாரன் அடித்தது. மகளை வேனில் ஏற்றி, சிரித்துக் கையசைத்துவிட்டு உள்ளே வந்தவள், கதவைத் தாழிட்டாள்.

"இப்போ வாடா இங்க!"