கட்டைவிரல்

ரோம் நகரத்துப் பழைய வாள்சண்டை அரங்கின் வாசலில், போர்வீரன் வேடமிட்டு நின்ற எவாரிஸ்தோ, படத்துக்காக ஒரு பயணியை மண்டியிட வைத்தான். ஆகஸ்ட் வெயிலிலும் அவர் கழுத்தில் துணி சுற்றியிருந்தார். அதை விலக்கினால் நீளமாய் ஒரு தழும்பு. பிளாஸ்டிக் வாளை அதன்மேல் வைத்து, வழக்கமான கேலியைச் சொன்னான்.

“என்னம்மா, உங்க வீட்டுக்காரரைக் கொல்லட்டுமா, விட்டுடட்டுமா?”

கைபேசியோடு நின்ற மனைவி சிரித்தபடி கட்டைவிரலைக் கீழே காட்டினாள். மராமத்துக்காகப் பூட்டிக்கிடந்த அரங்குக்குள் ஆயிரமாயிரம் பேர் ஆரவாரித்தார்கள். அவன் கை தானாக வாளை இழுத்தது. ரத்தம் பீறிட்டு முகத்தில் அடித்தது. பயணி துடிதுடித்து அடங்கினார்.

“போன வருஷத்தைவிட நல்லா வந்திருக்கு,” என்றாள் அவள், படத்தைப் பார்த்து. “எந்திரிங்க, பசிக்குது.”

பயணி எழுந்து துணியைக் கட்டிக்கொண்டார்.

எவாரிஸ்தோ படத்துக்காகக் காத்து நின்ற வரிசையைப் பார்த்தான். அத்தனை பேர் கழுத்திலும் துணி.